டி.பி. மாத்திரை நான்கு மாதம் சாப்பிட்டும் சளி குறையவில்லை, இப்போது ‘என்.டி.எம்.’ என்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. குடியாத்தம் பக்கத்தில் இருக்கிறோம். அம்மா பல வருடங்களாக வீட்டிலேயே பீடி சுற்றியவர், புகைக்கும் பழக்கம் இல்லை. 20 வருடங்களுக்கு முன்பு ஒரு முறை டி.பி. வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். இப்போது இரண்டு வருடமாக இருமலும் சளியும். இரண்டு முறை சளியில் ரத்தம் பார்த்தோம். எடை 46 கிலோவிலிருந்து 39-க்கு வந்துவிட்டது. சளிப் பரிசோதனையில் ‘ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்’ என்று வந்தது. சிபிநாட் சோதனையில் ‘டி.பி. கிருமி இல்லை’ என்று வந்தது. ஆனாலும் டி.பி. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு மாதம் ஆகியும் சளி அப்படியே இருக்கிறது. இப்போது கல்ச்சர் முடிவில் ‘என்.டி.எம்.’ என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒரு டாக்டர் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார். இன்னொருவர் ஆறு மாதத்தையும் முடித்துவிடுங்கள் என்கிறார். மூன்றாமவர் ஒன்றரை வருடத்துக்கு வேறு மருந்து தொடங்க வேண்டும் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் அம்மாவைத் தனி அறையில் வைத்து, தனித் தட்டு, தனி டம்ளர் கொடுக்கிறோம். தண்ணீரிலிருந்து வரும் கிருமி என்கிறார்களே, போர்வெல்லை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் அம்மாவைத் தனி அறையிலிருந்து வெளியே அழைத்து வாருங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

என்.டி.எம். என்பது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளுக்கான பொதுப் பெயர். இவை மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. இதுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். காசநோய் போல இருமலில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இவை பரவுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களிடையே ஓர் இனம் மட்டும் அப்படிப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. உங்கள் வீட்டு நிலவரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சிபிநாட்டிலும் டி.பி. இல்லை, கல்ச்சரிலும் டி.பி. வளரவில்லை, போதாததற்கு நான்கு மாதம் டி.பி. மருந்தும் உள்ளே போயிருக்கிறது. குழந்தை பாட்டி மடியில் உட்காரலாம். தனித் தட்டு காசநோய்க்கே தேவையில்லாத விஷயம், அது எச்சில் தட்டில் பரவும் நோய் அல்ல. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்துக்கு நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்த காலத்துப் பயம் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

சரி, பரிசோதனைகளுக்கு வருவோம். உங்கள் குழப்பத்துக்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் ஏ.எஃப்.பி. சோதனை. மைக்கோபாக்டீரியா குடும்பக் கிருமிகளின் மேலுறையில் மெழுகு போன்ற கொழுப்பு இருக்கும். அதனால் ஒருமுறை ஏறிய சாயம் அமிலம் ஊற்றினாலும் போகாது. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அந்தச் சிவப்புக் குச்சிகள் தெரியும், அவ்வளவுதான். அது காசநோய்க் கிருமியா, தண்ணீர்க் கிருமியா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. தொழுநோய்க் கிருமியும் இதே குடும்பம்தான், அதுவும் இப்படித்தான் சாயம் பிடிக்கும். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்.

சிபிநாட் வேறு மாதிரி. அது காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடுகிறது. தகட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கிருமி இருந்தும் சிபிநாட் ‘இல்லை’ என்று சொன்னால், அந்த முரண்பாடே ஒரு தகவல். அங்கே இருப்பது டி.பி. கிருமியாக இருக்க வாய்ப்பு குறைவு, என்.டி.எம்.-ஐ நினை என்று அது சொல்கிறது. உங்கள் அம்மாவின் முதல் ரிப்போர்ட்டிலேயே இந்தக் குறிப்பு இருந்திருக்கிறது. ஆனாலும் டி.பி. மருந்து தொடங்கியதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இருமல், எடைக் குறைவு, சளியில் ஏ.எஃப்.பி. மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது டி.பி.தான். பழைய டி.பி.யும் இருந்திருக்கிறது. தொடங்கியது புரிகிறது. ஆனால் இரண்டு மாதம் கழித்தும் சளி மாறாதபோது யாராவது நின்று யோசித்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களை ‘மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.’ என்று தவறாக முத்திரை குத்தி, அதற்கான கடுமையான மருந்துகளைத் தொடங்கிவிடுவதும் உண்டு. நல்ல வேளை, உங்கள் அம்மா அதற்குள் தப்பித்தார்.

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. திரவக் குழாயில் 42 நாள் வரை காத்திருப்பார்கள். வளர்ந்தால், காசநோய்க் கிருமி மட்டும் சுரக்கும் ஒரு புரதம் அதில் இருக்கிறதா என்று சின்னப் பட்டைச் சோதனை செய்வார்கள். கர்ப்பப் பரிசோதனைக் கார்டு போலத்தான் இருக்கும். கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் புரதம் இல்லை என்றால் ‘என்.டி.எம்.’ என்று எழுதிவிடுவார்கள். உங்கள் கையில் இருக்கும் தாள் அந்த இடத்தில் நின்றுவிட்டது. டி.பி. இல்லை என்பதுதான் அதில் இருக்கிறது, என்ன கிருமி என்பது இல்லை.

இங்கேதான் நான் பிடிவாதமாக இருப்பேன். எந்த இனம் என்று தெரியாமல் யாரும் ஒன்றரை வருட மருந்தைத் தொடங்கக்கூடாது. கோர்டோனே என்று ஓர் இனம் உண்டு. குழாய்த் தண்ணீரிலிருந்து சளி டப்பாவுக்குள் வந்துவிடும், பெரும்பாலும் நோயே உண்டாக்காது. அதற்கு மருந்து கொடுப்பது வீண். கான்சாசி என்றால் நேர் எதிர். சளியில் வந்தால் அலட்சியப்படுத்தக்கூடாது. டி.பி. மருந்துகளில் ரிஃபாம்பிசின் அதற்கு நன்றாக வேலை செய்யும். ஃபார்ச்சுயிட்டம் வந்தால் அந்த நோயாளிக்கு நெஞ்சு எரிச்சல், சாப்பாடு மேலே ஏறி வருவது இருக்கிறதா என்று கேட்பேன். அடிக்கடி வருவது ஏவியம், இன்ட்ராசெல்லுலேர் இரண்டும். இவற்றைச் சேர்த்து ‘மேக்’ என்பார்கள். அப்செஸ்சஸ் எல்லாவற்றிலும் முரடு, டி.பி. மாத்திரை எதுவும் அதைத் தொடாது. ஒரே மூன்றெழுத்துக்குப் பின்னால் இத்தனை வேறு வேறு நோய்கள் இருக்கும்போது, பெயர் தெரியாமல் மருந்து எழுதுவது எப்படி?

அதனால் கல்ச்சர் செய்த லேபைக் கேளுங்கள்: வளர்ந்த கிருமியை வைத்திருக்கிறீர்களா, இனம் கண்டுபிடிக்க அனுப்ப முடியுமா? மரபணுப் பட்டை முறையிலோ மால்டி-டாஃப் என்ற கருவியிலோ இதைக் கண்டுபிடிப்பார்கள். தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றால் பரவாயில்லை, எப்படியும் புதிய சளி தேவைப்படுகிறது.

ஏன் புதிய சளி? ஒரே ஒரு சளியில் என்.டி.எம். வந்தால் அதை நோய் என்று முடிவு கட்டக்கூடாது. சுற்றுப்புறத்தில் எங்கும் இருக்கும் கிருமி சளியில் தற்செயலாக வந்து போகலாம். உலக அளவில் நான்கு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்பது இதுதான்: இருமல், எடைக் குறைவு போன்ற தொந்தரவு இருக்க வேண்டும். எக்ஸ்ரே அல்லது சி.டி.யில் அதற்கேற்ற மாற்றம் இருக்க வேண்டும். வேறு காரணம் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். வெவ்வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளிகளில் ஒரே இனம் வளர வேண்டும். சளியே வராதவர்களுக்கு பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த ஒரு மாதிரியில் வளர்ந்தாலும் போதும்.

சளி எடுப்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். எடுப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டாம். குழாயில் இருக்கும் கிருமியே டப்பாவுக்குள் போய் ரிப்போர்ட்டாக வந்து நிற்கும். நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீரில் கொப்பளிக்கட்டும். காலையில் எழுந்ததும், ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து வரும் சளிதான் வேண்டும், எச்சில் வேண்டாம். மூன்று வேறு நாட்களில் எடுத்து, அன்றன்றைக்கே லேபுக்குக் கொடுங்கள். இனம் வரைக்கும் சொல்லும் வசதி உள்ள இடமாகப் பாருங்கள். வேலூரிலேயே சி.எம்.சி. இருக்கிறது, சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாவட்டக் காசநோய் மையத்தில் கேட்டாலும் எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்கள்.

இப்போது மூன்று டாக்டர்கள் விஷயம். நிறுத்தலாம் என்றவர் பக்கம் நான். ரிஃபாம்பிசின் உடம்பில் இருக்கும்போது எடுக்கும் சளியில் கிருமி இருந்தாலும் வளராமல் போகலாம், அப்புறம் ‘ஒன்றும் இல்லை’ என்ற தப்பான நிம்மதி வரும். நிறுத்திச் சில வாரம் கழித்து எடுத்தால் முடிவு நம்பும்படி இருக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் ‘காசநோய் இல்லை’ என்று எழுதித் தரட்டும், காசநோய்ப் பிரிவில் சொல்லி நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவேட்டிலும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அம்மா மருந்தைப் பாதியில் விட்டவராகப் பதிவில் இருப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகைக்காக மாத்திரையைத் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். அது காசநோயாளிகளுக்கான பணம். இல்லாத நோய்க்கு அதை வாங்க, டி.பி. மருந்துகளின் பக்கவிளைவைத் தாங்குவது நியாயமில்லை.

ஆறு மாதத்தையும் முடியுங்கள் என்றவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. டி.பி. மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசினும் எத்தாம்புட்டாலும் ‘மேக்’ வகைக்குத் துணை மருந்துகள்தான், முதுகெலும்பு மருந்து அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். அது இல்லாமல் மற்ற இரண்டைக் கொடுத்துக் குணமாகும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாமவர் சொன்னது நாளைக்குச் சரியாகலாம், இன்றைக்கு அவசரம்.

அசித்ரோமைசின் பற்றி ஒரு எச்சரிக்கை. இருமல் என்றதும் மெடிக்கலில் மூன்று மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதை அம்மா விஷயத்தில் செய்யவே கூடாது. இந்தக் கிருமி இருக்கும் நுரையீரலில் அசித்ரோமைசினைத் தனியாகத் தொடர்ந்து கொடுத்தால், அதற்குக் கட்டுப்படாத கிருமிதான் மிஞ்சும். அதன் பிறகு சிகிச்சை மிகவும் கஷ்டம். எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி எனக்குக் கவலை. பழைய டி.பி., எடைக் குறைவு, சளியில் ரத்தம் மூன்றும் சேர்ந்தால் நான் என்.டி.எம்.-க்கு முன்பே நினைப்பது ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சையை. டி.பி. ஆறிய பிறகு நுரையீரலில் தங்கும் குழிக்குள் இது குடியேறும், உருண்டையாகவும் வளரும். இரண்டும் ஒரே நுரையீரலில் சேர்ந்தும் இருக்கலாம். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பூஞ்சைக்கு எதிரான புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆஸ்பர்ஜிலஸ் ஐ.ஜி.ஜி. சோதனையும் செய்யுங்கள். பூஞ்சை மருந்துகளுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் ஒத்துப்போகாது, பூஞ்சை மருந்தின் அளவை ரிஃபாம்பிசின் ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும். அதனால் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கூடவே சர்க்கரை, ஹெச்.ஐ.வி. சோதனைகளும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு யாரும் சங்கடப்பட வேண்டாம், எல்லோருக்கும்தான் பார்க்கிறோம்.

சி.டி.யில் இன்னொன்றும் தெரியும். குழி இருக்கிறதா, அல்லது மூச்சுக்குழாய்கள் விரிந்து சுற்றிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் மட்டும் இருக்கின்றனவா என்பது. இரண்டாவது வகை மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் வரும். தொந்தரவு குறைவாக இருந்தால் அவர்களில் சிலரை மருந்தில்லாமல் கவனித்துக்கொண்டு வரலாம், சிலருக்குச் சளி தானாகவே சுத்தமாகிவிடும். ஆனால் உங்கள் அம்மாவுக்குச் சளித் தகட்டிலேயே கிருமி தெரிகிறது, ஏழு கிலோ குறைந்திருக்கிறது. இரண்டாவது சளியிலும் அதே இனம் வந்தால் நான் காத்திருக்க மாட்டேன், மருந்து தொடங்குவேன். அதுவரை ஒன்றிரண்டு மாதம் போவதால் பெரிய நஷ்டம் இல்லை. இது மெதுவாக நகரும் நோய்.

‘மேக்’ என்று வந்தால் அசித்ரோமைசின், எத்தாம்புட்டால், ரிஃபாம்பிசின் மூன்றும். முடிச்சு வகைக்கு வாரத்தில் மூன்று நாள் போதும், குழி இருந்தால் தினமும். குழி பெரிதென்றால் முதல் இரண்டு மூன்று மாதம் அமிக்காசின் ஊசியும் சேரும். ‘ஒன்றரை வருடம்’ என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கல்ச்சரில் கிருமி வளராமல் போன நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். கிருமி மறையவே சில மாதங்கள் ஆகும், இரண்டையும் கூட்டினால் அந்தக் கணக்கு வரும். அதனால் மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ சளிக் கல்ச்சர் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் எப்போது முடிப்பது என்று யாருக்கும் தெரியாது.

தொடங்கும் முன்பு அசித்ரோமைசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற சோதனை அவசியம். ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசினுக்கோ எத்தாம்புட்டாலுக்கோ ‘ரெசிஸ்டன்ட்’ என்று இருந்தால் பதற வேண்டாம். ‘மேக்’ விஷயத்தில் லேபில் வரும் அந்த முடிவுக்கும் நோயாளிக்கு நடப்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. எத்தாம்புட்டால் கண் நரம்பைப் பாதிக்கலாம், சிவப்பும் பச்சையும் மங்குவது முதல் அறிகுறி. மருந்துக்கு முன்பும், பிறகு அவ்வப்போதும் கண் டாக்டரைப் பாருங்கள். அசித்ரோமைசினுக்காக ஒரு ஈ.சி.ஜி., அமிக்காசின் என்றால் காது, சிறுநீரகச் சோதனை.

அப்செஸ்சஸ் என்று வந்துவிட்டால் அது வேறு கதை. சில வாரங்கள் நரம்பு வழியாக அமிக்காசின், இமிபெனம் போன்ற மருந்துகள், பிறகு நீண்ட நாள் மாத்திரை. அதில் குளோஃபாசிமின் என்ற மருந்தும் இருக்கலாம். தொழுநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். தோல் கறுக்கும், அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஏதாவது பேசுவார்கள், கண்டுகொள்ள வேண்டாம். இந்த இனத்துக்கு அனுபவம் உள்ள பெரிய மருத்துவமனைதான் சரி.

தண்ணீருக்கு வருவோம். போர்வெல்லை மாற்றுவதற்குச் செலவு செய்யாதீர்கள். இந்தக் கிருமிகள் பாலாற்றுப் படுகையிலும் இருக்கும், நகராட்சிக் குழாயிலும் இருக்கும். குளோரினை நன்றாகத் தாங்குபவை. 1968-ல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. நம் பக்கத்து மக்கள் சின்ன வயதிலிருந்தே இந்த மண், தண்ணீர்க் கிருமிகளோடு பழகியிருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த அளவுக்கு இவை எங்கும் இருப்பவை. எல்லோரும் சுவாசிக்கிறோம், ஏற்கெனவே பழுதான நுரையீரலில்தான் பெரும்பாலும் இவை தங்குகின்றன. அம்மாவுக்குப் பழைய டி.பி. அந்த இடத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறது.

குடிப்பதைவிட, நீர்த்திவலையாக மூச்சில் போவதுதான் பிரச்சினை. அதனால் ஷவருக்குப் பதிலாக வாளியில் குளிக்கட்டும். மே மாதத்தில் வேலூர் வெயிலுக்கு ஏர் கூலர் இல்லாமல் முடியாதுதான். ஆனால் நாள்கணக்கில் மாற்றாத தண்ணீரோடு அது அம்மாவின் முகத்துக்கு நேரே ஓட வேண்டாம். மேல்தொட்டியைக் கழுவுங்கள். தொட்டிச் செடிக்கு மண் கிளறும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கிருமி பீடி இலையிலிருந்து வருவதில்லை, ஆனால் புகையிலைத் தூள் இருமலைக் கிளறிவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏதாவது எழுதியிருந்தால், ஆஸ்துமா இருக்கிறதா, அது உண்மையில் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தேவையில்லாமல் அதிக அளவில் எடுத்தால் இந்த நோய் வளரத்தான் அது உதவும்.

மருந்து தொடங்கும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி செய்யட்டும். ஃபிசியோதெரப்பிஸ்டிடம் ஒருமுறை போய்க் கற்றுக்கொண்டால் போதும், வீட்டிலேயே செய்யலாம். சளி கெட்டியாக இருந்தால் உப்புக் கரைசல் நெபுலைசர் உதவும், ஆனால் ரத்தம் வரும் நாட்களில் இரண்டுமே வேண்டாம். 39 கிலோ உடம்பு மூன்று மருந்தைத் தாங்க வேண்டுமென்றால் சாப்பாடுதான் முதல் மருந்து. முட்டை, வேர்க்கடலை, பருப்பு, கேழ்வரகுக் கூழ், மீன் என்று எது இறங்குகிறதோ அதைச் சின்னச் சின்ன அளவில் ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம்.

சளியில் கோடு போலக் கொஞ்சம் ரத்தம் வந்தால் மறுநாள் டாக்டரைப் பார்க்கலாம். கால் டம்ளர் அளவுக்கு வந்தால் நேரம் பார்க்காமல், ராத்திரியானாலும், ரத்தம் கசியும் குழாயை அடைத்து நிறுத்தும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எந்தப் பக்க நுரையீரலில் நோய் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்துக் கூட்டிப் போங்கள்.

அடுத்த முறை நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது, 20 வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே எங்காவது பீரோவில் கிடந்தால் எடுத்துப் போங்கள். சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கும் வேண்டும். சிபிநாட், கல்ச்சர் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். இனத்தின் பெயர் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.